ஜமுலஸில் சேர்ந்து வாசிக்கும்போது தாளம் தளர்வது பற்றி

ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிதாரைக் கணினியுடன் இணைக்கும் கருவியில்) உள்ள, உங்கள் ஒலியை நேரடியாக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் ‘டைரக்ட் மானிட்டர்’ வசதியை அணைத்துவிட்டு, உங்கள் கிதாரின் ஒலியையும் ஜமுலஸ் (இணையம் வழியே பலர் சேர்ந்து வாசிக்க உதவும் மென்பொருள்) சர்வரிலிருந்து திரும்பி வரும் கலவையிலேயே கேட்டு வாசியுங்கள். பிங் (இணையத்தில் போய்த் திரும்பும் நேரம்) 20 மில்லிவிநாடியாக இருந்தும் பாட்டு நகர நகரத் தாளம் தளர்கிறது என்ற உங்கள் சிக்கல் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் ஒலி உடனடியாகவும் மற்றவர்களின் ஒலி சற்றுத் தாமதித்தும் காதில் விழுவதால், நீங்கள் அவர்களுக்காகவும் அவர்கள் உங்களுக்காகவும் காத்திருக்க நேர்கிறது. அடிக்கு அடி சேரும் அந்தச் சிறு இழுவையே தளர்ச்சியாகிறது.

ஜமுலஸில் உங்கள் சேனலை மட்டும் ம்யூட் செய்துவிட்டு ஒரு தந்தியை மீட்டிப் பாருங்கள். அப்போதும் ஹெட்ஃபோனில் கிதார் ஒலித்தால், நேரடி ஒலி இன்னும் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பிங் என்பது இணையப் பயண நேரம் மட்டுமே. சவுண்ட் கார்டின் தாமதமும் ஜிட்டர் பஃபரின் (சீரற்று வந்துசேரும் ஒலித் துணுக்குகளைச் சீராக்கும் தற்காலிகச் சேமிப்பின்) தாமதமும் அதில் அடங்குவதில்லை. சவுண்ட் கார்டின் பஃபர் அளவை 128 சாம்பிளாக வையுங்கள் (48 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 2.7 மில்லிவிநாடி). வைஃபைக்குப் பதிலாக ஈதர்நெட் கேபிளைப் பயன்படுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு அறவே ஆகாது.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: ஒளியிழையில் 1000 கிலோமீட்டருக்கு ஒருவழித் தாமதம் ஏறத்தாழ 5 மில்லிவிநாடி என்பதால், குழுவில் ஒருவர் 8000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் ஜமுலஸில் எந்த அமைப்பை மாற்றினாலும் உதவாது. அந்நிலையில், மற்றவர்களின் முந்தைய சுற்றைக் கேட்டபடி வாசிக்கும் நின்ஜாம் (NINJAM) என்ற வேறொரு மென்பொருளின் முறையை முயலலாம். ஆனால் ஒரே கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வரிசை திரும்பத் திரும்ப வரும் இசைக்குத்தான் அது பொருந்தும்.