மழைக்காலத் தோட்டமும் அதை நம்பி வரும் உயிர்களும்: கேள்வி பதில்

திருநகரிலிருந்து: அண்ணே, மழையில் மாமரத்தடிச் சருகெல்லாம் ஊறிக் கிடக்கு. கூட்டி எரிச்சிடவா?

வேண்டாம் தம்பி. வாசலையும் நடக்கிற பாதையையும் மட்டும் கூட்டுங்கள், மிச்சத்தை மரத்தடியிலேயே ஒதுக்கி விடுங்கள். போகிக்கென்று சேர்த்து வைத்துக் கொளுத்தவும் வேண்டாம். ஈரச் சருகை ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள், மண்புழு, மரவட்டை, எறும்பு, சிலந்தி என்று ஒரு ஊரே இருக்கும். அதை நம்பி ஆறுமணிக்குருவி வருகிறது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, குட்டை வால். தரையில் தத்தித் தத்திப் போய், அலகால் சருகைத் தள்ளித்தான் இரை எடுக்கும். தோட்டம் முழுக்க சிமெண்டு போட்டுவிட்டால் அதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அது நிற்கிற நாட்களில் வீட்டுப் பூனையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: சருகை விட்டால் பாம்பு வராதா?

நியாயமான பயம். வீட்டுச் சுவரை ஒட்டிச் சருகு, விறகு, செங்கல் எதுவும் வேண்டாம், எல்லாம் தள்ளியே இருக்கட்டும். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். தானியம் சிந்துகிற இடத்தைச் சுத்தமாக வையுங்கள். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். சருகுக்குள் வெறுங்கையை விடவே கூடாது.

அனுப்பானடியிலிருந்து: மாடியில் கறிவேப்பிலைச் செடியில் காக்கா எச்சம் மாதிரி புழு. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள் அக்கா. அநேகமாக அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் எச்சம் போலிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், ஒரு நெடி அடிக்கும், அவ்வளவுதான். கடிக்காது. செடி மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். கன்று ரொம்பச் சின்னது என்றால் புழுவை இலையோடு கிள்ளி எலுமிச்சைச் செடிக்கு மாற்றி விடுங்கள்.

மேலூரிலிருந்து: வேலியோரம் எருக்கும் கிலுகிலுப்பையும் மண்டிக் கிடக்கு. வெட்டணுமா?

தை வரை விடுங்கள். எருக்கிலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். கிலுகிலுப்பையின் வாடிய தண்டை நீல வரியன் என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் சுரண்டி உறிஞ்சும். துணையை ஈர்க்கும் வாசனைக்கான சரக்கு அதில்தான் கிடைக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே வலசை போகிற பூச்சி அது. பக்கத்து அரிட்டாபட்டிக் குன்றுப் பகுதியை 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அந்தக் குன்றுகளுக்கு வெளியே இந்த வண்ணத்துப்பூச்சிகளுக்கு மிஞ்சுவது உங்களைப் போன்றவர்களின் வேலிதான். ஆனால் ஆடு மாடு மேய்கிற பக்கம் கிலுகிலுப்பை கூடாது, விஷம்.

இன்னொருவர்: குருவிக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு கொசு வருமே?

ஆழமில்லாத மண்சட்டியில், நடுவில் ஒரு கல் போட்டு வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. சட்டியின் ஓரத்தில் ஒட்டிய ஏடிஸ் கொசு முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.