வேகமாக அடித்தால் டிட் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி: ஆர்டுயினோ நானோ என்ற சிறிய நிரல் பலகையில் மோர்ஸ் பயிற்சிக் கருவி ஒன்று செய்திருக்கிறேன். கையால் அழுத்தி அடிக்கும் ஸ்ட்ரெய்ட் கீயை நேரடியாக இணைத்தபோது ஒரு டிட் (மோர்ஸின் குறுகிய ஒலி) அடித்தால் சில சமயம் இரண்டாகப் பதிவானது. தொடுகை துள்ளுவதை வடிகட்டும் டிபவுன்ஸ் நிரலைச் சேர்த்ததும் அது நின்றது. ஆனால் நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தை நெருங்கினால் டிட்கள் விழுந்துவிடுகின்றன. கீயை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். கீ மேல் தப்பில்லை, நிரலில் இருக்கும் ஒரு எண்ணைப் பாருங்கள். நீங்கள் சேர்த்தது ஆர்டுயினோவோடு வரும் டிபவுன்ஸ் எடுத்துக்காட்டு என்றால், அதில் காத்திருப்பு 50 மில்லி விநாடி; அவ்வளவு நேரம் நிலை மாறாமல் இருந்தால்தான் அது ஏற்கும். விளக்கு போடும் பொத்தானுக்கு அது போதும். மோர்ஸுக்கு ஆகவே ஆகாது.

கணக்கு எளிது. 1200-ஐச் சொல் வேகத்தால் வகுத்தால் ஒரு டிட்டின் நீளம் மில்லி விநாடியில் கிடைக்கும். 12 சொல்லுக்கு 100, 20 சொல்லுக்கு 60, 25 சொல்லுக்கு 48. கையால் அடிக்கும்போது எல்லா டிட்டும் அச்சாக 60 இருக்காது. ஒன்று 45, ஒன்று 70 என்று வரும். 50-க்குக் கீழே போனதை அந்த நிரல் கண்டுகொள்ளாது. இடைவெளிக்கும் இதே கதிதான். இரண்டு டிட்டுக்கு நடுவே 45 மில்லி விநாடிதான் விட்டீர்கள் என்றால் 60, 45, 60 மூன்றும் ஒட்டி 165 ஆகிவிடும். 20 சொல் வேகத்தில் ஒரு டா, அதாவது நீண்ட ஒலி, 180. அப்புறம் இரண்டு டிட் கொண்ட ‘ஐ’ (I) அடித்தால் திரையில் ஒரே டா கொண்ட ‘டீ’ (T) வராமல் என்ன செய்யும்?

உலோகம் உலோகத்தில் மோதித் துள்ளுவது பெரும்பாலும் சில மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். என் பித்தளைக் கீயில் அளந்து பார்த்தபோது முதல் 2 மில்லி விநாடிக்குள் ஐந்தாறு தடவை தட்டி நின்றது. அதனால் 50-ஐ 5 ஆக்குங்கள். உங்கள் தொல்லை பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் நான் இன்னொரு வழியைத்தான் சொல்வேன். முதல் தொடுகை வந்த கணமே ஒலியைத் தொடங்குங்கள், அடுத்த 5 மில்லி விநாடிக்குக் கீயைப் பார்க்காதீர்கள். விடும்போதும் அப்படியே. காத்திருந்து முடிவெடுக்கும் நிரலில் டிட்டின் நீளம் மாறாவிட்டாலும் ஒலி தாமதமாக வரும். தன் ஒலியைப் பிந்திக் கேட்கிற கை தடுமாறும். தாளம் கெட்ட பிறகு அதைத் திருத்துவது பெரிய பாடு.

கீயின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். போட்டால் அழுத்தும்போது அது உடனே வடிந்துவிடும், விடும்போது ஆர்டுயினோவுக்குள் இருக்கும் புல்-அப் மின்தடை வழியாக மெல்லத்தான் ஏறும். ஒவ்வொரு டிட்டும் சில மில்லி விநாடி நீளும், இடைவெளி அந்த அளவு குறையும். நிரலே போதும்.

5-ஐ 8 ஆக்கியும் டிட் இரட்டித்தால் மட்டும் கீயைக் கவனியுங்கள். கீயின் கை அசையும் அச்சைப் பிடிக்கும் பிவட் திருகு ஆடுகிறதா பாருங்கள். முனைகளுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாளை வைத்து, லேசாக அழுத்திக்கொண்டே உருவுங்கள். கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை நாலைந்து தடவை செய்யலாம். உப்புத்தாள் வேண்டாம், வெள்ளி முலாம் போய்விடும்.