கேள்வி – பதில்: தூதர் வேலை முடிந்தால் துணைவேந்தரா?

கேள்வி: வெளிநாட்டில் தூதராக இருந்தவர்களைக் கொண்டுவந்து துணைவேந்தர் நாற்காலியில் உட்கார வைப்பது ஏன்? விருந்தும் கைகுலுக்கலுமாக இருந்தவர்களுக்குப் படிப்பு பற்றி என்ன தெரியும்?

பதில்: கே.எம். பணிக்கரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இப்படிக் கேட்கமாட்டீர்கள். 1963 டிசம்பரில் காலமானபோது அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், ஆனால் ஆள் தொடங்கியதே வாத்தியாராகத்தான்; ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து அலிகாரில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் பத்திரிகை ஆசிரியர், பிக்கானீர் சமஸ்தானத்தின் பிரதமர், சுதந்திரத்துக்குப் பின் சீனா, எகிப்து, பிரான்ஸ் நாடுகளுக்குத் தூதர். நடுவில், மாநில எல்லைகளை மாற்றிப்போட்ட சீரமைப்பு ஆணையத்தில் மூவரில் ஒருவர்.

சீனாவில் நடந்ததுதான் சுவாரஸ்யம். 1950 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் சீனப் பிரதமர் சௌ என்லாய் இவரை வரவழைத்து, அமெரிக்கப் படை தென்கொரியாவையும் வடகொரியாவையும் பிரித்த 38-ஆவது அட்சரேகையைத் தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்றார். பணிக்கர் தில்லிக்குச் சொன்னார், அது வாஷிங்டனுக்கும் போனது, ‘இவர் சீனா பக்கம் சாய்ந்தவர்’ என்று அங்கே கண்டுகொள்ளவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் சீனப் படை எல்லையிலிருக்கும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் நுழைந்துவிட்டது. அதற்காக அவர் கணிப்பெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. சீனப் படை திபெத்துக்குள் புகுந்த விஷயத்தில் நம் தூதர் சீனா செய்ததற்குச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று படேல் அதே ஆண்டு நேருவுக்குக் கடிதமே எழுதினார், அந்தக் கோபம் நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது.

கேள்வி: புத்தகமெல்லாம் ஓய்வுக்குப் பிறகு எழுதியதுதானே?

பதில்: அதுதான் இல்லை! ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கேரள மன்னர் பழசிராஜாவைப் பற்றிய ‘கேரளசிம்ஹம்’ என்ற மலையாள நாவல் 1941-இலேயே வந்துவிட்டது. வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதிலிருந்து ஐரோப்பியர் ஆசியாவை ஆண்ட கதையைச் சொல்லும், இன்றும் பேசப்படுகிற அவருடைய வரலாற்று நூல் 1953-இல் வந்தது. ஃபைல் பார்த்த கையோடு எப்படி எழுதினாரோ, எனக்கெல்லாம் வாரம் இரண்டு பக்கம் எழுதவே முதுகு வலிக்கிறது.

பணிக்கர் மட்டுமில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஜி. பார்த்தசாரதியும் ஐ.நா.வில் நம் தூதராக இருந்தவர்தான். பிறகு அதே நாற்காலியில் 1979-இல் உட்கார்ந்த கே.ஆர். நாராயணன் சீனாவில் தூதராக இருந்துவிட்டு வந்தவர். அடுத்த ஆண்டே அவரை மறுபடி தூதராக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.