கதவை அளந்த பிறகு பூட்டைத் தேடுங்கள்: ஸ்மார்ட் லாக் கேள்வி - பதில்

கேள்வி: புது வீட்டு வாசலுக்குத் தேக்கில் ஒற்றைக் கதவு செய்திருக்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஸ்மார்ட் லாக் பொருத்திவிட ஆசை. கடையில் காட்டுகிற எல்லா மாடலிலும் கைரேகை, பின் நம்பர், கார்டு, செல்போன் ஆப் நான்கும் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அந்த நான்கு வசதிகளும் எல்லாவற்றிலும் இருப்பதால் அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் கதவு எந்தப் பூட்டை ஏற்கும் என்று பாருங்கள். டேப் எடுத்து அளக்க வேண்டியவை நான்கு: கதவின் கனம், பூட்டு வரும் பக்கத்துச் சட்டத்தின் அகலம், கதவுக்கும் நிலைக்கும் இடையிலான இடைவெளி, கைப்பிடி வரும் உயரத்தில் மேலும் கீழும் எவ்வளவு தூரம் சமதளமாக இருக்கிறது என்பது.

கனம் ஏன் முக்கியம்? மார்ட்டிஸ் வகைப் பூட்டைக் கதவின் விளிம்பில் குடைந்து உள்ளே இறக்க வேண்டும். கதவு 32 மி.மீ., பூட்டின் உடல் 20 மி.மீ. என்றால் இருபுறமும் 6 மி.மீ. மரம்தான் மிஞ்சும். ஓர் உதையில் பிளந்துவிடும். 40 மி.மீ. கதவில் 10 மி.மீ. நிற்கும், அது பரவாயில்லை. சட்டத்தின் அகலமும் அப்படித்தான். பேக்செட், அதாவது கதவின் விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடு வரை உள்ள தூரம், மார்ட்டிஸ் பூட்டுகளில் பெரும்பாலும் 60 மி.மீ. இருக்கும். பூட்டின் உடல் அதையும் தாண்டிப் பின்னால் போகும். எனவே சட்டம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் மார்ட்டிஸ் வேண்டாம். நடுவில் குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூட்டில் குடையவே விடாதீர்கள். கதவின் மொத்த பலமும் அந்த மூட்டில்தான் இருக்கிறது. பூட்டைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்தச் சொல்லுங்கள்.

வாசல் கதவில் சிற்ப வேலை இருந்தால் சமதள அளவு கட்டாயம். கைப்பிடியோடு வரும் மாடல்களில் வெளித்தகடே ஓர் அடி நீளம் இருக்கும். அது பூவேலைப்பாட்டின் மேல் படியாது. படிய வைக்க ஆச்சாரி உளி எடுத்தால் செதுக்கு வேலை போய்விடும். அந்த மாதிரிக் கதவுக்கு ரிம் வகை நல்லது. பெட்டி உட்புறத்தில் திருகப்படும். வெளியே சிறிய பட்டன் பலகை மட்டும் தெரியும். ஒரே ஒரு துளை போதும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தினால், பேட்டரி இல்லாவிட்டாலும் கதவு திறக்குமா? சமையலறையில் தீப்பிடித்து, இருட்டில் ஓடி வரும்போது பட்டனைத் தேட முடியாது. திறக்காது என்றால் அந்த மாடலை வாங்காதீர்கள்.

பொருத்தும் நாளுக்குச் சில விஷயங்கள். வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகே பூட்டு மாட்ட வேண்டும். ஆனால் குடைந்த பள்ளத்துக்குள் ஒரு கை வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். வார்னிஷ் படாத மரம் அங்கிருந்துதான் ஈரம் இழுக்கும். வெளித்தகட்டிலிருந்து உள்பெட்டிக்கு ஒரு மெல்லிய ஒயர் வரும். திருகை இறுக்கும்போது அது நசுங்குவதுதான் புதுப்பூட்டு முதல் நாளே வேலை செய்யாமல் போவதற்கு அடிக்கடி காணும் காரணம். கைரேகை, பின், கார்டு, சாவி எல்லாவற்றையும் கதவைத் திறந்து வைத்தபடியே சோதித்துவிட்டுத்தான் சாத்த வேண்டும். அந்தச் சாவியில் ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். உள்ளே பீரோவில் இருக்கும் சாவி ஆபத்துக்கு உதவாது.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, பகலில் தனியாக இருக்கிறார். கைரேகைப் பூட்டு மாட்டினோம். பத்தில் ஏழு தடவை அவர் விரலை எடுக்க மறுக்கிறது. பூட்டில் கோளாறா?
- வாசகர், மதுரை

பதில்: ரேஷன் கடைக் கருவியில் அவர் ரேகை விழுகிறதா என்று கேளுங்கள். அங்கேயும் சிரமம் என்றால் பூட்டைக் குறை சொல்ல வேண்டாம். வயதானால் தோல் உலர்ந்து ரேகையின் மேடு தேய்ந்துவிடும். சிமென்ட் வேலை செய்பவர்களுக்கும், தினமும் சோப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கும் இதே கதைதான்.

பழைய பதிவை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். கையைக் கழுவி, துடைத்து, சிறிது நேரம் கழித்து விரலை வைக்கச் சொல்லுங்கள். ஒரே விரலை மூன்று தனிப் பதிவுகளாக ஏற்றுங்கள்: நேராக, இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் சாய்த்து. ரேகை நன்றாகத் தெரியும் வேறொரு விரலையும் சேருங்கள். பலருக்குக் கட்டைவிரல் தேய்ந்திருக்கும், மோதிர விரல் தெளிவாக இருக்கும். அப்படியும் படியவில்லை என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். கார்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கொடுங்கள். தன் வீட்டு வாசலில் நின்று பத்துத் தடவை விரலை அழுத்த வைப்பது பெரியவர்களுக்கு வேதனை.

இதைவிட முக்கியமான விஷயம் தாழ்ப்பாள். ஸ்மார்ட் லாக் மாட்டிய பிறகும் பழக்கத்தில் மேல்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறார் என்றால், அவர் உள்ளே விழுந்து கிடந்தாலும் உங்கள் ஆப், பின், சாவி எதுவும் கதவைத் திறக்காது. தனியாக இருக்கும் நேரத்தில் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பயப்படுகிறார் என்றால் பூட்டில் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதியைப் போட்டுக் காட்டுங்கள். பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தால் கதவு பின்னால் பூட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கார்டு கழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து பூட்டு இரண்டு மூன்று தடவை உறுமிவிட்டு பீப் பீப் என்று கத்துகிறது, பூட்டுவதில்லை. பேட்டரி மாற்றியும் பயனில்லை. சர்வீஸுக்கு அனுப்பவா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அனுப்புவதற்கு முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டிப் பாருங்கள். திறந்த நிலையில் சரியாகப் பூட்டி, சாத்திய நிலையில் கத்தினால் மோட்டாரில் குற்றமில்லை. மழை ஈரத்தில் கதவு உப்பியிருக்கும், அல்லது கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். பூட்டின் நாக்கு நிலைச்சட்டத்தில் அறைந்த தகட்டில் இடிக்கிறது. சாவிப் பூட்டு என்றால் நாமே கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சாவியைத் திருப்பிவிடுவோம். சின்ன மோட்டாருக்கு அது முடியாது, இடித்ததும் பின்வாங்கிவிடும். விட்டுவிட்டால் பேட்டரியும் சீக்கிரம் தீரும், பல்சக்கரமும் தேயும்.

நாக்கின் நுனியில் சாக்பீஸ் பூசி, கதவைச் சாத்திப் பூட்ட விடுங்கள். தகட்டில் எந்த ஓரத்தில் வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. கீழ் ஓரத்தில் ஒட்டினால் கதவு இறங்கியிருக்கிறது. மேல்கீலின் திருகுகளை இறுக்குங்கள். துளை பெரிதாகித் திருகு சுற்றினால் இன்னும் நீளமான திருகு போடலாம். இறுக்கியும் இடித்தால் தகட்டின் துளையை அரத்தால் ஒன்றிரண்டு மி.மீ. ராவினால் போதும். கதவின் விளிம்பை மழைக்காலத்தில் இழைக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கிக் கதவு ஆடும்.

கடல் காற்று அடிக்கும் பகுதி என்பதால் திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிவிடுவதும் நல்லது.

கேள்வி: பேட்டரி திடீரென்று தீர்ந்தால் வெளியே மாட்டிக்கொள்வோமா?
- வாசகர், சேலம்

பதில்: திடீரென்று தீராது, பல நாள் முன்பே எச்சரிக்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவனிக்காமல் விடுவதுதான் பிரச்சினை. தீர்ந்துவிட்டால் வெளித்தகட்டின் அடியில் 9 வோல்ட் பேட்டரி வைக்கும் இரண்டு முனைகளோ, யுஎஸ்பி-சி துளையோ இருக்கும். அதில் மின்சாரம் கொடுத்துக்கொண்டே பின் நம்பரைப் போட வேண்டும். அது உள்ளே இருக்கும் பென்சில் பேட்டரியை ஏற்றாது, ஆகவே உள்ளே போனதும் மாற்றிவிடுங்கள். அல்கலைன் மட்டும் போடுங்கள், நான்கையும் ஒரே நேரத்தில். நான்கு அல்கலைன் சேர்ந்தால் 6 வோல்ட். சார்ஜ் செய்யும் ஏஏ வகை நான்கும் 4.8 வோல்ட்தான். எச்சரிக்கை தப்பும் தவறுமாக வரும். வைஃபை நேரடியாக உள்ள மாடல் புளூடூத் மாடலைவிட வேகமாகப் பேட்டரியைத் தின்னும். கரண்ட் போனாலும் இன்டர்நெட் போனாலும் கைரேகையும் பின்னும் வேலை செய்யும்.

கேள்வி: திருடர்கள் செல்போனிலிருந்தே பூட்டைத் திறந்துவிடுவார்கள் என்கிறார்களே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2016-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், 16 புளூடூத் பூட்டுகளைச் சோதித்ததில் 12 திறந்துகொண்டன. அவற்றில் சில பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே பயம் ஆதாரமற்றதல்ல. மென்பொருள் திருத்தங்களைத் தொடர்ந்து வெளியிடும் நிறுவனமா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவு மாடல் வேண்டாம்.

ஆனால் நம் வீடுகளில் ஓட்டை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. 123456 என்று கம்பெனி கொடுத்த பின்னை மாற்றாமல் விடுகிறோம். வேலைக்கு வந்து போனவருக்குக் கொடுத்த எண்ணை நீக்குவதில்லை. நான்கு இலக்கத்துக்கு 10,000 சாத்தியங்கள், ஆறு இலக்கத்துக்கு 10 லட்சம், ஆறு போடுங்கள். பிறந்த தேதி வேண்டாம். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும் கார்டுகளை நகலெடுப்பது எளிது. கார்டு தொலைந்தால் அன்றே பூட்டிலிருந்து நீக்குங்கள். வந்த ஆட்களுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் தற்காலிக எண் தரும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: மரக்கதவுக்கு முன்னால் கிரில் கேட் இருக்கிறது. அதற்கும் ஸ்மார்ட் லாக் போடலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: கிரில்லில் தொங்கும் பூட்டுக்குச் சாவி வேண்டுமென்றால், உள்ளே ஸ்மார்ட் லாக் இருந்தும் நீங்கள் சாவிக்கொத்தோடுதான் அலைய வேண்டியிருக்கும். கிரில்லுக்கு இரும்புக் கேட்டுக்கென்றே செய்த பூட்டு உண்டு. மழை நேரடியாக விழும் இடம் என்றால் ஐபி65 (தூசியும் பீச்சும் தண்ணீரும் உள்ளே புகாத) தரத்துக்குக் குறைய வேண்டாம். கம்பி இடைவெளியில் கையை விட்டு உள்பக்கக் குமிழைத் திருகிவிட முடியும் என்பதால், பூட்டின் பின்னால் ஓர் அடி சதுர இரும்புத் தகட்டை வெல்டிங் செய்துகொள்ளுங்கள். பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டிங் நடக்கட்டும். மாட்டிய நிலையில் செய்தால் சர்க்யூட் கருகிவிடலாம்.