விண்டேஜ் ஷாம்பேன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாட்டிலில் 2008 என்று ஆண்டு அச்சிட்டிருந்தால், பழைய சரக்கு என்று பொருளா?

இல்லை, அது திராட்சை பறித்த ஆண்டு. ஷாம்பேன் என்ற நுரைக்கும் ஒயின் தயாராகும் பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத்தில் குளிர் மிகுதி என்பதால் விளைச்சலின் தரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை வரும்படி செய்வதே அங்கு வழக்கம். விளைச்சல் சிறந்த ஆண்டில், அந்த ஓராண்டுத் திராட்சையை மட்டும் கொண்டு செய்வதுதான் விண்டேஜ். ஆகவே அந்த ஆண்டின் வானிலையும் சுவையில் தெரியும்: குளிர்ந்த 2008இன் ஒயினில் புளிப்பு கூர்மையாக நிற்கிறது, வெப்ப அலை வீசிய 2003இல் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது, புளிப்பும் குறைந்தது.

கேள்வி: சோடாவைப் போல இதிலும் வாயுவை ஏற்றுகிறார்களா?

ஏற்றுவதில்லை. ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலில் நிரப்பி இறுக மூடிவிடுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கரியமில வாயு தப்ப வழியின்றி ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் 6 பார் வரை, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஏறுகிறது.

வேலை முடிந்த ஈஸ்ட் இறந்து வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு சேர்ந்து கிடக்கும் காலத்தைத்தான் நான் இதன் உயிர் என்பேன். விதிப்படி, சாதாரண ஷாம்பேனைப் பாட்டிலில் அடைத்து 15 மாதங்களுக்குப் பிறகும், விண்டேஜை 3 ஆண்டுகளுக்குப் பிறகும்தான் விற்கலாம்; நல்ல தயாரிப்பாளர்கள் இன்னும் பல ஆண்டுகள் பொறுத்திருப்பார்கள். பின்னர் பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்து, சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கழுத்தை மட்டும் உறைகுளிர்க் கரைசலில் அமிழ்த்தினால் வண்டல் பனிக்கட்டியாக இறுகும். மூடியைத் திறந்ததும் உள்ளழுத்தமே அதை வெளியே துப்பிவிடும். குறைந்த அளவை ஒயினும் சிறிது சர்க்கரையும் கலந்து நிரப்பி, தக்கை இட்டுக் கம்பியால் கட்டுவார்கள். பாட்டிலில் ‘ப்ரூட்’ (இனிப்புக் குறைந்த வகை) என்றிருந்தால் அந்த ஒயினில் சர்க்கரை லிட்டருக்கு 12 கிராமுக்குள் இருக்கும்.

கேள்வி: சுட்ட ரொட்டி மணக்கும் என்கிறார்கள். எனக்குப் புளிப்பு மட்டுமே தெரிந்தது. ஏன்?

பெரும்பாலும் அதிகக் குளிர்ச்சிதான் காரணமாக இருக்கும். இறந்த ஈஸ்ட் செல்கள் மெல்ல மெல்லச் சிதைந்து ஒயினில் கரைவதால்தான் ரொட்டி, வெண்ணெய், வறுத்த பாதாம் பருப்பு ஆகியவற்றின் மணம் பிறக்கிறது. பனிக்கட்டிக் குளிரில் அது எழும்பாது. 10 முதல் 12 டிகிரியில், குறுகலான குழல் கோப்பையை விட்டு, வயிறு சற்று அகன்ற ஒயின் கோப்பையில் ஊற்றுங்கள். முதல் மிடற்றில் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் முந்திக்கொள்ளும்; அரை மணி நேரம் கழித்து அதே கோப்பையை முகர்ந்தால், ரொட்டி அடுப்பைத் திறந்தாற்போல் மணம் வரும்.

கேள்வி: வாங்கிய பின் வைத்திருக்கலாமா?

வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் சில ஆண்டுகள் தாராளமாக வைக்கலாம்; சமையலறை அலமாரி வேண்டாம். வண்டல் நீக்கிய தேதியைச் சில தயாரிப்பாளர்கள் பின்பக்கச் சீட்டில் அச்சிடுகிறார்கள், அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.