டிரெக்டர் ஆகப் போகிறீர்கள், எந்தப் படிப்பில் சேர்வது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: வயது 46, பேலியகொடையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு குடும்பக் கம்பனியில் 17 வருடமாக வேலை, இப்போது உற்பத்தி முகாமையாளர். வருகிற ஏப்ரலில் பணிப்பாளர் (டிரெக்டர்) சபையில் சேர்ப்பதாக முதலாளி சொல்லிவிட்டார், படிப்புச் செலவையும் கம்பனியே தரும். இரண்டு வருட வார இறுதி எம்பிஏயா, மூன்று நாள் டிரெக்டர் பயிற்சியா? கணக்கில் கொஞ்சம் பயம் என்றும் எழுதியிருக்கிறார்.

முதலில் வாழ்த்துகள். என் பதில்: ஏப்ரலுக்கு முன் டிரெக்டர் பயிற்சி. எம்பிஏயைப் பிறகு பார்க்கலாம், அதுவும் தேவைப்பட்டால். கம்பனியை நடத்துவது எப்படி என்று எம்பிஏயில் சொல்லித் தருவார்கள், பொரளையில் உள்ள பிஐஎம் என்ற முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் போன்ற இடத்தில் நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஆனால் 17 வருடம் ஆலையை ஓட்டிய உங்களுக்கு ஏப்ரலில் புதிதாக வரப்போவது கையெழுத்துப் பொறுப்பு.

கம்பனிச் செயலாளர், பணிப்பாளராக இருக்கச் சம்மதம் என்று எழுதித் தரும் படிவம் 18ஐ நீட்டுவார். அதில் ஒப்பமிட்டுப் பதவி ஏற்ற பிறகு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் முன் நீங்கள் ஒரு பணிப்பாளர், முதலாளியின் மகனா சம்பளத்துக்கு இருப்பவரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. "கணக்காளர் தந்தார், நம்பிக் கையெழுத்து வைத்தேன்" என்று சொல்லித் தப்பலாமா என்று பயிற்சி வகுப்புகளில் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். மற்றவர் தரும் அறிக்கையை நம்பலாம் என்று 190ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும், சந்தேகம் வரவேண்டிய இடத்தில் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கத் தெரியவேண்டும் என்றால் ஐந்தொகையை, அதாவது கம்பனியின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை வாசிக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

கடனை உரிய நேரத்தில் கட்ட முடியாத நிலை என்று உங்களுக்குப் பட்டால் உடனே சபையைக் கூட்டச் சொல்வது 219ஆம் பிரிவு. கம்பனியின் தேறிய சொத்து (கடன் போக மிஞ்சுவது), கூறப்பட்ட மூலதனத்தில் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற தொகையில்) பாதிக்குக் கீழே போனதாகத் தெரிந்தால் 20 வேலை நாளுக்குள் பங்குதாரர்களின் விசேட கூட்டத்துக்கு அழைப்பு விடவேண்டும் என்பது 220. இந்த இரண்டையும் ஒரு மணி நேரமாவது உதாரணக் கணக்கோடு எடுக்காத பயிற்சிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கணக்குப் பயத்துக்கு ஒன்று சொல்கிறேன். 2022ஐ நினைத்துப் பாருங்கள்: டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரத்திலேயே 300ஐத் தாண்டியது, ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. பழைய விலைக்கு வாங்கிய காகித ரோலைப் புதிய விலைக்கு விற்றவர்களின் புத்தகத்தில் லாபம் தெரிந்தது, அடுத்த இறக்குமதிக்கு எல்சி (வங்கியின் கடன் கடிதம்) திறக்கக் கையில் காசு இல்லை. இது உங்கள் களஞ்சியத்திலேயே நடந்திருக்கும், நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். கைக்குக் காசு வருவதும் போவதும்தான் காசுப்பாய்ச்சல், அதைக் காட்டும் அறிக்கையிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபடும். ஊழியர் சேமலாப நிதி மாதாமாதம் கட்டப்படுகிறதா என்றும் பாருங்கள், கட்டாவிட்டால் வழக்கு பணிப்பாளர்கள் வரை வரும்.

சரி, எங்கே படிப்பது? இலங்கைப் பணிப்பாளர் நிறுவகம் இதற்கென்றே இருக்கிறது, மலலசேகர மாவத்தையில் உள்ள பட்டயக் கணக்காளர் நிறுவகத்திலும் விசாரியுங்கள். பெயரைவிட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒத்திகைச் சபைக் கூட்டம் இருக்கிறதா? குடும்பக் கம்பனியில் முடிவுகள் பாதி சாப்பாட்டு மேசையில் எடுக்கப்பட்டு, கூட்டறிக்கை பிறகு எழுதப்படுகிறது. அங்கே, 17 வருடமாக "சரி ஐயா" என்று சொன்ன வாய், "ஐயா, இந்தக் கடனை எதிலிருந்து கட்டப்போகிறோம்?" என்று எல்லார் முன்னாலும் மரியாதையாகக் கேட்கப் பழகவேண்டும். விரிவுரை கேட்டு அது வராது, நாலு பேர் முன் பேசிப் பார்த்தால்தான் வரும்.

வகுப்புக்குப் போகுமுன் கம்பனிச் செயலாளரிடம் அமைப்பு விதிகள், கடைசி மூன்று வருடக் கணக்காய்வு செய்த கணக்குகள், கடைசி வருடக் கூட்டறிக்கைகள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். புரியாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போய் விரிவுரையாளரைப் பிடித்துக் கேளுங்கள். கம்பனியின் இரகசியம் வகுப்பில் வெளியே போகாமல் பெயரையும் தொகையையும் மாற்றிக் கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வங்கி ஓவர்டிராஃப்டுக்குப் பணிப்பாளர்களின் தனிப்பட்ட பிணையும் கேட்பது இங்கே வழமை. அதில் கையெழுத்திட்டால் உங்கள் வெள்ளவத்தை வீடு வரை அது நீளலாம், பதவி விலகினாலும் வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை பழைய கடனுக்கான பொறுப்பு உங்களோடேயே இருக்கும். படிவம் 18இல் கையெழுத்திட முன்பே முதலாளியிடம் இதைப் பேசுங்கள், வீட்டில் மனைவியிடமும் சொல்லுங்கள்.