இடைக்கால ஐரோப்பாவைக் காட்டும் படங்கள்: கேள்வி பதில்

பழைய ஐரோப்பாவில் நடக்கும் சரித்திரப் படங்களைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். கதையின் முடிவு சில இடங்களில் தெரிந்துவிடும்.

கேள்வி: இந்த வகைப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை சார். எதில் தொடங்கலாம்?

1982இல் வந்த பிரெஞ்சுப் படம் 'தி ரிடர்ன் ஆஃப் மார்ட்டின் கேர்'. இதில் அரசனும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. பிரனீஸ் மலையடிவாரத்தில் ஆர்த்திகா என்று ஒரு கிராமம். 1548இல் மார்ட்டின் கேர் என்ற விவசாயி, மனைவி பெர்த்ராந்தையும் குழந்தையையும் விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறான். எட்டு வருடம் கழித்து ஒருவன் வந்து, நான்தான் மார்ட்டின் என்கிறான். ஊர் நம்புகிறது, மனைவியும் சேர்த்துக்கொள்கிறாள். அப்புறம் சொத்துக் கணக்கில் சித்தப்பாவோடு தகராறு வருகிறது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போகிறது.

இது உண்மையில் நடந்த வழக்கு. புகைப்படமோ கைரேகையோ இல்லாத காலத்தில் ஓர் ஆளை இன்னார் என்று எப்படி நிரூபிப்பது? ஏறக்குறைய 150 பேர் சாட்சி சொன்னார்கள். பலரால் இவன்தான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஊர்ச் செருப்புத் தொழிலாளி, மார்ட்டினின் கால் அளவு 12, இவனுக்கோ 9தான் என்றார். துலூஸ் நீதிமன்றம் வந்தவன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், மரக்காலோடு அசல் மார்ட்டினே வந்து நின்றான். ஏமாற்றிய ஆர்னோ து தில் 1560இல் தூக்கிலிடப்பட்டான். விசாரித்த நீதிபதிகளில் ஒருவரான ழான் து கோரா வழக்கை நூலாக எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

வரலாற்றாசிரியர் நத்தாலி ஸீமான் டேவிஸ் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தார். படத்துக்குள் அடங்காத கேள்விகள் அவரை விடாததால், அடுத்த ஆண்டே அதே வழக்கைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். பெர்த்ராந்துக்கு உண்மை எப்போது தெரிந்தது என்ற கேள்வியோடு படத்தைப் பாருங்கள். எனக்கு இந்த வகையில் முதலிடம் இதற்குத்தான்.

கேள்வி: 'பிரேவ்ஹார்ட்' எனக்கு உயிர். அதில் எவ்வளவு உண்மை அண்ணா?

ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸ் உண்மை, 1297இல் ஸ்டர்லிங்கில் ஆங்கிலேயரை ஜெயித்தது உண்மை, 1305இல் லண்டனில் கொடூரமாகக் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் ஸ்டர்லிங் வெற்றிக்குக் காரணமே ஒரு குறுகலான பாலம். ஆங்கிலப் படையில் பாதி இந்தக் கரைக்கு வந்ததும் ஸ்காட்டியர் பாய்ந்தார்கள், மீதிப் படையால் உதவிக்கு வர முடியவில்லை. படத்தில் அந்தப் பாலமே இல்லை. வீரர்கள் கட்டியிருக்கும் கில்ட் என்ற பாவாடை போன்ற உடை 16ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. வாலஸின் காதலியாகக் காட்டப்படும் பிரெஞ்சு இளவரசி இசபெல்லா அப்போது சிறு குழந்தை. அவள் திருமணமாகி இங்கிலாந்து வந்தது 1308இல், வாலஸ் இறந்து மூன்று வருடம் கழித்து.

உடைத் தவறை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 13ஆம் நூற்றாண்டு மனிதர் இன்றைய ஆளைப் போல யோசிப்பதும் பேசுவதும்தான் எனக்கு உறுத்துகிறது. நிலப்பிரபுவுக்கு விசுவாசம், தேவாலயம், பாவ பயம், இவற்றுக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். அதைத் துடைத்துவிட்டால் பழைய உடை போட்ட இன்றைய கதைதான் மிஞ்சும். போர்க்காட்சிகளுக்காக நானும் அந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பேன், அதில் சந்தேகமில்லை.

கேள்வி: இடைக்காலம் என்றாலே ஏன் எல்லாப் படமும் சேறும் சாம்பல் நிறமுமாக இருக்கிறது?

அது இன்றைய ரசனை. அந்தக் கால மக்கள் வண்ணத்துக்கு ஏங்கியவர்கள். செடிகளிலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றினார்கள். தேவாலயச் சுவர் முழுக்க ஓவியம். பிரான்சில் அமியேன் பேராலயத்தின் முகப்பை லேசரால் சுத்தம் செய்தபோது, சிற்பங்களில் பழைய வண்ணத்தின் தடயங்கள் தெரிந்தன. அழுக்கைக் காட்டினால் அசல் போல இருக்கும் என்று இயக்குநர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: கவசம் போட்டவரைக் கயிறு கட்டித் தூக்கித்தான் குதிரையில் வைப்பார்களாமே?

இல்லை. 1944இல் வந்த 'ஹென்றி தி ஃபிஃப்த்' படத்தில் அப்படி ஒரு காட்சி உண்டு, அது நிலைத்துவிட்டது. முழு உலோகக் கவசம் பொதுவாக 15 முதல் 25 கிலோ, அதுவும் உடம்பு முழுக்கப் பரவி நிற்கும் எடை. பழகியவர் தானே ஏறுவார், ஓடவும் செய்வார்.

கேள்வி: 'தி செவன்த் சீல்' காலக்கணக்கில் தவறு என்று படித்தேன். பிறகு ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கணக்கு உதைப்பது நிஜம்தான். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வீரன் ஸ்வீடனில் கொள்ளை நோயைப் பார்க்கிறான். ஆனால் புனித பூமியில் சிலுவைப் படையின் கடைசிப் பெரிய கோட்டை நகரம் 1291இல் விழுந்தது, நோய் ஸ்வீடனுக்கு வந்தது 1350இல். படத்தில் அந்த வீரன் மரணத்தோடு சதுரங்கம் ஆடுவது மட்டும் இயக்குநர் பெர்க்மனின் கற்பனை அல்ல. ஸ்டாக்ஹோமுக்கு அருகே தேபி தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆல்பர்டஸ் பிக்டர் அதை வரைந்திருக்கிறார். அந்தக் காலத்தவர் சாவை எப்படிக் கற்பனை செய்தார்களோ அப்படியே படமும் காட்டுகிறது. ஆண்டுக் கணக்கைவிட எனக்கு இது பெரிது.

கேள்வி: ஊமைப் படம் பார்க்கப் பொறுமை இல்லை. 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' கட்டாயம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு நின்ற ஜோன் என்ற பெண்ணை மதநீதிமன்றம் 1431இல் ரூவான் நகரில் விசாரித்தது, அந்த விசாரணைப் பதிவிலிருந்தே இயக்குநர் டிரையர் இதை உருவாக்கினார். உனக்கு இறைவன் அருள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். இல்லையென்றால் கடவுள் அதைத் தரட்டும், இருந்தால் அதிலேயே என்னை வைத்திருக்கட்டும் என்கிறாள் எழுத்தறியாத அந்தப் பெண். அவளுக்கு அப்போது வயது 19 இருக்கலாம். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் ஒப்பனையில்லாத முகத்தை இவ்வளவு அருகில் பார்க்கும்போது வசனம் இல்லாத குறையே தெரியாது. 1928இல் வந்த இந்தப் படத்தின் மூலச் சுருள் தீயில் போய்விட்டது. நல்ல பிரதி ஒன்று 1981இல் ஆஸ்லோவில் ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது. அந்தப் பிரதியிலிருந்து வந்த பதிப்பைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: சேகர் கபூரின் 'எலிசபெத்'?

ஓர் இந்திய இயக்குநர் இங்கிலாந்தின் ராணியைத் துணிச்சலாகக் கையாண்ட படம், கேட் பிளாஞ்செட் அபாரம். வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராணிக்கு எதிராகச் சதி செய்யும் பிஷப் கார்டினர், ராணி அரியணை ஏறுவதற்கு மூன்று வருடம் முன்பே, 1555இல் இறந்துவிட்டார்.

கேள்வி: 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' வெறும் பிரச்சாரம்தானே?

பிரச்சாரம்தான், ஆனால் வெறும் பிரச்சாரம் இல்லை. 1242இல் ரஷ்ய இளவரசன் நெவ்ஸ்கி பெய்பஸ் ஏரிப் பனிமேல் ஜெர்மானியரோடு நடத்திய போரை 1938இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்தபோது, ஜெர்மானிய வீரர்கள் யாரைக் குறித்தார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டதும் படத்தை நிறுத்திவிட்டார்கள். 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் திரும்ப ஓடவிட்டார்கள். அந்தப் போர்க்காட்சி கோடையில், செயற்கைப் பனியில் எடுக்கப்பட்டது. புரோகோஃபியெவின் இசையும் காட்சியும் அங்கே எப்படி இணைகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 'ஆந்த்ரேய் ரூப்லெவ்' பாதியில் விட்டுவிட்டேன். திரும்ப முயலலாமா?

கடைசிப் பகுதியை மட்டும் முதலில் பாருங்கள், தனிக் கதையாகவே நிற்கும். மணி வார்ப்பவரின் மகன், அப்பா சாகும்போது ரகசியத்தைத் தன்னிடம் சொன்னதாகச் சொல்லி வேலையை வாங்குகிறான். மணி ஒலிக்காவிட்டால் தலை போய்விடும். குழி தோண்டுவது, சரியான களிமண் தேடுவது, உலோகம் உருக்குவது, அச்சை உடைப்பது என்று ஒவ்வொரு வேலையும் கண்முன் நடக்கும். ஓவியர் ரூப்லெவைப் பற்றி ஆவணங்களில் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. அந்த வெற்றிடத்தை இயக்குநர் தார்கோவ்ஸ்கி வேலையாலும் விசுவாசத்தாலும் நிரப்பினார், காதல் கதையால் அல்ல.

கேள்வி: குழந்தைகளோடு பார்க்க?

ரூப்லெவ் வேண்டாம், சித்திரவதைக் காட்சிகள் உண்டு. நெவ்ஸ்கியில் குழந்தைகளைத் தீயில் எறியும் காட்சி வருகிறது. 1938இல் எரல் ஃப்ளின் நடித்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' போடுங்கள். கதை முழுக்கப் புராணம்தான், ஆனால் மேலே கேட்ட சாம்பல் நிறம் அதில் துளியும் கிடையாது.